133 கடைகள், 87 நாட்கள்: டார்கெட் கனடாவை மூடிய விதம்

கனடாவின் பத்து மாகாணங்களிலும் சேர்த்து 133 கடைகள். மூன்று பெரிய கிடங்குகள். டொராண்டோவை ஒட்டிய மிசிசாகாவில் ஒரு தலைமையகம். 17,600 ஊழியர்கள். அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம் கனடாவில் இவ்வளவையும் கட்டி எழுப்ப நாலு வருடம் எடுத்துக்கொண்டது. இழுத்து மூட எடுத்துக்கொண்டது 87 நாள். 2015 ஜனவரி 15, வியாழக்கிழமை அறிவிப்பு. ஏப்ரல் 12, ஞாயிற்றுக்கிழமை கடைசிக் கடையின் கதவும் மூடப்பட்டது.

டார்கெட் கனடாவில் எப்படிச் சறுக்கியது என்பதை மேலாண்மைப் படிப்பு படித்தவர்கள் எல்லோரும் எங்காவது கேட்டிருப்பார்கள். மூடிய விதத்தை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. திறந்ததில் தொட்டதெல்லாம் தப்பாகப் போன ஒரு நிறுவனம், மூடுவதை ஓரளவு ஒழுங்காகச் செய்தது. அது எப்படி முடிந்தது, அந்த ஒழுங்குக்குள்ளும் யார் அடிபட்டார்கள் என்பதுதான் இங்கே பார்க்கப்போவது.

சில்லறை வணிகத்தில் கணக்குப் பிரிவில் சில வருடம் இருந்தவன் என்பதால் எனக்கு இதில் தனி ஆர்வம் உண்டு. நான் வேலை பார்த்த ஒரு சங்கிலிக் கடையில் ஒருமுறை ஒரு கிளையை மூடினார்கள். ஊழியர்களுக்கு முந்தின நாள் இரவு கடை சாத்தும்போதுதான் சொன்னார்கள். சப்ளையர்களுக்குச் சொல்லவே இல்லை. மறுநாள் விடிகாலையில் ரொட்டி வண்டிக்காரர் வந்து, பூட்டிய ஷட்டருக்கு முன்னால் ட்ரேக்களை அடுக்கிவைத்துவிட்டுப் போய்விட்டார். ஒன்பது மணிக்கு எனக்குப் போன் வந்தது: "சார், ரொட்டியை மாடு தின்னுட்டு இருக்கு." மூடுவதும் ஒரு வேலை, அதற்கும் பட்டியல் போட வேண்டும், ஆள் நிறுத்த வேண்டும், பணம் ஒதுக்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

நிலைமை இந்த அளவுக்கு வந்தது எப்படி

சுருக்கமாகவே சொல்கிறேன். கனடாவில் ஜெல்லர்ஸ் என்றொரு மலிவு விலைக் கடைச் சங்கிலி இருந்தது. 1931இல் தொடங்கியது, கடைசியில் ஹட்சன்ஸ் பே கம்பெனியின் கையில் இருந்தது. 2011 ஜனவரியில் ஜெல்லர்ஸின் 220 கடைகள் வரை குத்தகை உரிமையை எடுத்துக்கொள்ள டார்கெட் ஒப்புக்கொண்டது. விலை 182.5 கோடி கனடா டாலர். கவனிக்க வேண்டியது, வாங்கியது வியாபாரத்தை அல்ல, குத்தகைப் பத்திரங்களை. ஜெல்லர்ஸ் ஊழியர்கள் தானாக டார்கெட் ஊழியர்கள் ஆகவில்லை. வேண்டுமென்றால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது.

இவ்வளவு குத்தகையைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகத் திறக்க முடியாது. கடை திறந்தாலும் திறக்காவிட்டாலும் வாடகை ஓடும். அதனால் 2013 மார்ச்சில் குவெல்ஃப், மில்டன், ஃபெர்கஸ் ஆகிய ஊர்களில் மூன்று கடைகளைத் திறந்து வெள்ளோட்டம் பார்த்தவர்கள், அந்த வருடம் முடிவதற்குள் 124 கடைகளைத் திறந்துவிட்டார்கள். புது நாடு, புதுக் கிடங்குகள், சரக்கைக் கணக்கு வைக்கப் புது மென்பொருள். பொருட்களின் அளவு, விலை, பெட்டிக்கு எத்தனை என்ற அடிப்படை விவரங்களே கணினியில் தப்புத் தப்பாக ஏறியிருந்தன. சென்டிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் அங்குலம், நீளம் இருக்க வேண்டிய இடத்தில் அகலம். விளைவு, கிடங்கு நிரம்பி வழிந்தது, கடை அலமாரி காலியாக இருந்தது. அமெரிக்க எல்லையைத் தாண்டிப் போய் அங்குள்ள டார்கெட்டில் வாங்கிப் பழகிய கனடாக்காரர்கள் ஆசையோடு வந்து பார்த்தார்கள், விலையும் கூட, பொருளும் இல்லை என்று திரும்பிப் போனார்கள். 2013 நிதியாண்டில் மட்டும் கனடா நஷ்டம் 94 கோடி அமெரிக்க டாலர்.

2014 மே மாதம் தலைமைச் செயல் அதிகாரி கிரெக் ஸ்டைன்ஹாஃபெல் வெளியேறினார். ஆகஸ்டில் பெப்சிகோவிலிருந்து பிரையன் கார்னெல் வந்தார். வந்த ஐந்தாவது மாதம் மூடும் முடிவு.

ஏன் பாதியை மட்டும் மூடவில்லை?

நஷ்டக் கடைகளை மூடுவது என்றதும் எல்லோருக்கும் தோன்றுவது இதுதான்: 133இல் மோசமான 60, 70ஐ மூடிவிட்டு நல்லதை வைத்துக்கொள்ளலாமே?

இதற்குப் பதில் சொல்ல, கடைக் கணக்கு எப்படிப் போடுவார்கள் என்று பார்க்க வேண்டும். ஒரு கற்பனைக் கிளையை எடுத்துக்கொள்வோம். மாதம் 20 லட்சம் ரூபாய் விற்பனை. சரக்கின் அடக்க விலை 16 லட்சம். சம்பளம் 1.4 லட்சம், வாடகை 1.2 லட்சம், மின்சாரமும் மற்றதும் 40 ஆயிரம். மிச்சம் 1 லட்சம். இதுதான் அந்த நாலு சுவருக்குள் கடை சம்பாதித்தது. இதற்கு மேல் தலைமையகம், கிடங்கு, லாரி, விளம்பரம், மென்பொருள் என்று எல்லாக் கடைகளுக்கும் பொதுவான செலவில் இந்தக் கிளையின் பங்கு என்று 1.6 லட்சம் தலையில் வைப்பார்கள். இப்போது புத்தகத்தில் 60 ஆயிரம் நஷ்டம். முதலாளி கோபமாக இந்தக் கிளையை மூடச் சொல்கிறார். மூடியாயிற்று. அடுத்த மாதம் என்ன ஆகும்? அந்த 1.6 லட்சம் எங்கும் போகாது. மற்ற கிளைகளின் தலையில் ஏறும். அவர் இழந்தது, கிளை சம்பாதித்துக் கொடுத்த 1 லட்சத்தை. புத்தகத்தில் நஷ்டம் காட்டிய கடையை மூடியதால் நிறுவனத்தின் மொத்த நஷ்டம் கூடிவிட்டது. பொதுச் செலவு ஏறியதால் நேற்றுவரை லாபத்தில் இருந்த இன்னொரு கடை இன்று சிவப்பில் வரும். அடுத்து அதையும் மூடச் சொல்வார்கள். இப்படியே ஒவ்வொன்றாக மூடி அழிந்துபோன சங்கிலிகள் உண்டு.

ஆக, ஒரு கிளையை மூடுவதற்கு இரண்டு நியாயங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, நாலு சுவருக்குள்ளேயே அது நஷ்டம், அதுவும் சரிசெய்ய முடியாத நஷ்டம். இல்லையென்றால், அதை மூடுவதோடு சேர்த்துப் பொதுச் செலவிலும் நிஜமாகவே ஒரு துண்டை வெட்டி எறிய முடிய வேண்டும்: ஒரு கிடங்கு, ஒரு லாரித் தடம், ஒரு வட்டார அலுவலகம்.

டார்கெட் கனடாவின் சிக்கல் அங்கேதான். அதன் மூன்று கிடங்குகளும் தலைமையகமும் நாடு முழுக்கப் பரவிய நூற்றுக்கு மேற்பட்ட கடைகளுக்காகக் கட்டியவை. ஒன்டாரியோவில் இரண்டு, ஆல்பர்ட்டாவில் ஒன்று. பாதிக் கடைகளை மூடினால் மீதி பாதி இந்தச் சுமையைத் தாங்காது. போதாததற்கு, நோய் ஏதோ சில கடைகளில் இருக்கவில்லை, சரக்கு ஓட்டத்திலேயே இருந்தது. நல்ல இடத்தில் இருந்த கடைக்கும் அதே காலி அலமாரிதான். எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்த்து, 2021 வரைக்குமாவது லாபத்துக்கு வர வழியில்லை என்று கார்னெல் வெளிப்படையாகவே சொன்னார். வெளியேறுவதற்கான செலவு என்று அந்தக் காலாண்டில் எழுதிக்கொண்ட தொகை, வரிக்கு முன், 540 கோடி அமெரிக்க டாலர்.

இந்த முடிவில் எனக்குப் பிடித்த விஷயம் அதன் நேரம். போட்ட பணத்தைப் பார்த்துப் பார்த்து, இன்னும் ஒரு வருடம் இழுத்துப் பார்க்கலாம் என்று நினைக்காத தலைவர்கள் அபூர்வம். கார்னெலுக்கு ஒரு வசதி இருந்தது, கனடாவுக்குப் போகலாம் என்று முடிவெடுத்தவர் அவர் இல்லை. தன் குழந்தை என்ற பாசம் இல்லாத ஆள்தான் இப்படி ஒரு கையெழுத்தைப் போட முடிகிறது. அப்புறம், ஜனவரி என்பதும் தற்செயல் இல்லை. கிறிஸ்துமஸ் விற்பனை முடிந்து கையில் காசு அதிகமாகவும் அலமாரியில் சரக்கு குறைவாகவும் இருக்கும் மாதம் அது. மேற்கத்திய நாடுகளில் கடைச் சங்கிலிகள் நீதிமன்றப் படியேறுவது பெரும்பாலும் இந்த மாதங்களில்தான்.

நீதிமன்றம் எதற்கு?

டார்கெட் தாய் நிறுவனம் திவால் ஆகவில்லை. அமெரிக்காவில் அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியிருக்க, கனடா பாக்கிகளை எல்லாம் செக் எழுதித் தீர்த்துவிட்டுக் கிளம்பியிருக்கலாமே?

குத்தகைதான் காரணம். பத்து, பதினைந்து வருடத்துக்குப் போட்ட நூற்றுக்கும் மேற்பட்ட குத்தகைகளை நீங்களாக முறித்தால், மீதி வருடங்களின் வாடகை முழுக்க உங்கள் கழுத்தில். கனடாவில் 1933இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது, சி.சி.ஏ.ஏ. என்று சொல்வார்கள். கடனில் மூழ்கிய பெரிய நிறுவனம், கடன் கொடுத்தவர்களோடு உடன்பாட்டுக்கு வரும் வரை நீதிமன்றப் பாதுகாப்பு கொடுக்கும் சட்டம். அதன் கீழ் வந்துவிட்டால், 30 நாள் நோட்டீஸ் கொடுத்து ஒப்பந்தங்களைக் கைவிடலாம். நில உரிமையாளரின் இழப்பு, மற்றவர்களோடு சேர்ந்து வரிசையில் நிற்கும் ஒரு பாக்கியாக மாறிவிடும். நிறுவனத்தைப் பிழைக்க வைக்க எழுதிய சட்டம். டார்கெட் அதை ஒழுங்காகச் சாவதற்குப் பயன்படுத்திக்கொண்டது.

டார்கெட் கனடா தனி நிறுவனமாகப் பதிவாகியிருந்ததால்தான் இது முடிந்தது. ஒன்டாரியோ உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜெஃப்ரி மொராவெட்ஸ் முன் வழக்கு வந்தது. அல்வாரெஸ் அண்ட் மார்சல் நிறுவனம் நீதிமன்றத்தின் கண்காணிப்பாளராக நியமிக்கப்பட்டது. மூடி முடிக்கும் வரை சம்பளத்துக்கும் மின்சாரத்துக்கும் பணம் வேண்டுமே, அதற்காகத் தாய் நிறுவனம் 17.5 கோடி அமெரிக்க டாலர் வரை கடன் கொடுக்க ஒப்புக்கொண்டது. இந்தப் பணம் இல்லாமல் இந்தக் கதையில் எந்த ஒழுங்கும் நடந்திருக்காது. மூடுவதற்கும் காசு வேண்டும் என்பது பலருக்குக் கடைசி நாளில்தான் தெரிகிறது, அன்றைக்குக் கையில் காசு இருக்காது.

ஊழியர்கள்

சட்டப்படி, நீதிமன்றப் பாதுகாப்புக்குள் போன நிறுவனத்தின் ஊழியருக்குச் சேர வேண்டிய பணிநீக்க இழப்பீடு என்பது மற்றப் பாக்கிகளைப் போல ஒரு பாக்கி. சப்ளையரோடும் நில உரிமையாளரோடும் வரிசையில் நிற்க வேண்டும். முறை வர வருடக்கணக்காகும்.

டார்கெட் இதைச் சுற்றிப் போக ஒரு வழி செய்தது. தாய் நிறுவனத்தின் பணத்திலிருந்து 7 கோடி கனடா டாலரைத் தனி அறக்கட்டளை நிதியாக ஒதுக்கி, அநேகமாக எல்லா ஊழியர்களுக்கும் குறைந்தது 16 வார ஊதியம் கிடைக்கும்படி செய்தது. மூடும் வேலைக்குத் தேவைப்படாமல் முன்னாலேயே அனுப்பப்படுகிறவர்களுக்கு மீதி வாரங்களின் சம்பளம் இந்த நிதியிலிருந்து வரும். ஏன் 16? ஒன்டாரியோ சட்டத்தில் 500 அல்லது அதற்கு மேற்பட்டவர்களை ஒரே சமயத்தில் நீக்கினால் தரவேண்டிய முன்னறிவிப்பு 16 வாரம். அந்த எண்ணை எடுத்து, நாடு முழுக்கப் பொருத்திவிட்டார்கள்.

இதைத் தர்மம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நாளை கடை இருக்காது என்று தெரிந்த ஒருவர் இன்றைக்கு ஏன் வேலைக்கு வருவார்? மூடும் விற்பனையின் கடைசி வாரங்களில்தான் ஆள் அதிகம் தேவை, அப்போதுதான் திருட்டும் அதிகம் நடக்கும். சம்பளம் உறுதி என்று தெரிந்தால்தான் கல்லாவில் ஆள் இருப்பார். அந்த 7 கோடி டாலர், ஒரு வகையில், கடைகளைக் கடைசிவரை திறந்து வைத்திருக்கக் கட்டிய காப்பீட்டுத் தவணை.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 7 கோடியை 17,600ஆல் வகுத்தால் தலைக்கு 4,000 டாலருக்கும் கொஞ்சம் கீழே. பெரும்பாலோர் பகுதி நேர ஊழியர்கள் என்பதால் இப்படி வருகிறது. மே மாதம் வெளியேறிய ஸ்டைன்ஹாஃபெல் கொண்டுபோன மொத்தத் தொகுப்பின் மதிப்பு, பங்குகளும் ஓய்வுக்கால நிதியும் சேர்த்து, சுமார் 6.1 கோடி அமெரிக்க டாலர் என்று ஊடகங்கள் கணக்கிட்டிருந்தன. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கனடாவில் நிறையப் பேர் எழுதினார்கள். எழுதாமல் எப்படி இருப்பார்கள்?

66 நாள் விற்பனை

மூடும் விற்பனையை டார்கெட் தானே நடத்தவில்லை. இதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. கடை செத்தால் வந்து நிற்கிறவர்கள் என்று கேலியாகச் சொன்னாலும், அவர்கள் செய்வது ஒரு கைத்தொழில். கார்டன் பிரதர்ஸ் உள்ளிட்ட நிறுவனங்களின் கூட்டணி ஒன்றை நீதிமன்றம் பிப்ரவரி 4 அன்று அங்கீகரித்தது. மறுநாளே விற்பனை தொடங்கியது.

முதல் நாள் வரிசையில் நின்று உள்ளே போனவர்கள் முகம் சுளித்துக்கொண்டு வந்தார்கள். தள்ளுபடி 10 முதல் 30 சதவீதம்தான். கடையையே மூடுகிறார்கள், பாதி விலைக்காவது தரக்கூடாதா என்று கேட்டார்கள். இங்கேதான் அந்தக் கைத்தொழில் இருக்கிறது. மொத்தச் சரக்கும் கடைசி நாளில் சரியாகத் தீர வேண்டும்; ஆனால் ஒவ்வொரு பொருளும் எவ்வளவு அதிக விலைக்குப் போகுமோ அவ்வளவுக்குப் போக வேண்டும். முதல் வாரத்திலேயே 60 சதவீதம் தள்ளினால் நல்ல சரக்கு மூன்றே நாளில் காலி. மிச்சம் கிடக்கும் குப்பைக்காக இன்னும் இரண்டு மாதம் வாடகையும் சம்பளமும் கொடுக்க வேண்டும். தள்ளுபடி தாமதமானாலோ ஏப்ரலில் அலமாரியில் சரக்கு நிற்கும். அதனால் வாரத்துக்கு வாரம், பிரிவுக்குப் பிரிவு, விற்ற வேகத்தைப் பார்த்துச் சதவீதத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். சரக்கு தீரத் தீர அலமாரி, துணி மாட்டும் கம்பி, ஆளுயரப் பொம்மை, தள்ளுவண்டி வரைக்கும் விலைச் சீட்டு ஏறும்.

விற்பனையை எப்படி நடத்தலாம் என்பதற்கும் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட விதிகள் இருந்தன. படித்தால் நில உரிமையாளர்களின் பயம் தெரியும். பளீரென்ற நியான் பலகை கூடாது. "திவால் விற்பனை" என்றோ "லிக்விடேஷன்" என்றோ எழுதக்கூடாது. இதில் ஒரு வேடிக்கை: பிரெஞ்சு மொழியில் சாதாரண கிளியரன்ஸ் விற்பனைக்கே அந்த லிக்விடேஷன் என்ற சொல்தான், கியூபெக் கடைகள் என்ன செய்யும்? அதனால் பிரெஞ்சில் மட்டும் எழுதிக்கொள்ளலாம் என்று விதியிலேயே ஒரு வரி சேர்த்திருந்தார்கள். ஒரு மாலில் ஒரு பெரிய கடை சாகும் சத்தம் பக்கத்துக் கடைகளின் வியாபாரத்தைக் கெடுத்துவிடும் என்பதுதான் இவ்வளவு கவனத்துக்கும் காரணம்.

கடைகளுக்குள் மருந்தகம் வைத்திருந்தவர்களின் நிலைமை வேறு. பல இடங்களில் மருந்தாளுநர்கள் டார்கெட்டின் ஊழியர்கள் இல்லை, சொந்தப் பணம் போட்டு உரிமம் எடுத்து நடத்திய சிறு முதலாளிகள். 16 வாரத் திட்டம் அவர்களுக்குப் பொருந்தவில்லை. நோயாளிகளின் மருந்துச் சீட்டுப் பதிவேடுகளை வேறு இடத்துக்கு மாற்றாமல் ஷட்டரை இறக்கவும் முடியாது. கூடுதல் அவகாசம் கேட்டு நீதிமன்றம் போனார்கள், கிடைக்கவில்லை. ஒழுங்கான மூடல் என்று பாராட்டுகிறவர்கள் இந்தப் பகுதியைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

காலியான இடம் யாருக்கு?

சரக்கு தீர்ந்த பிறகு மிஞ்சிய சொத்து குத்தகைகள்தான். அதை ஏலம் போட்டபோது வந்த விலைகள் ஒரு பாடப் புத்தகத்துக்குச் சமம். ஆக்ஸ்போர்ட் பிராப்பர்ட்டீஸ், ஐவன்ஹோ கேம்பிரிட்ஜ் என்ற இரண்டு மால் முதலாளிகள் தங்கள் சொந்த மால்களில் இருந்த 11 குத்தகைகளை 13.8 கோடி டாலர் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். சராசரி 1.25 கோடி. கனேடியன் டயர் நிறுவனம் 12 குத்தகைகளை 1.77 கோடிக்கு வாங்கியது. சராசரி 15 லட்சம்கூட இல்லை. 2011இல் டார்கெட் 220 கடை என்று கணக்கு வைத்துக் கொடுத்தது சராசரியாக 83 லட்சம். ஒரே சங்கிலியின் கடைகள்தான், ஒரே சிவப்புப் பலகைதான்; ஒன்று இன்னொன்றைவிட எட்டு மடங்கு விலை. மொத்தமாக வாங்கும்போது இந்த வித்தியாசம் சராசரிக்குள் ஒளிந்துகொள்கிறது, தனித்தனியாக விற்கும்போதுதான் வெளியே வருகிறது.

வால்மார்ட் 13 கடை இடங்களையும் ஒரு கிடங்கையும் சுமார் 16.5 கோடிக்கு எடுத்தது. வீட்டுச் சாமான் விற்கும் லோஸ் நிறுவனம் 13 இடங்களையும் ஒரு கிடங்கையும் 15.1 கோடிக்கு. யாரும் சீண்டாத இடங்கள் நில உரிமையாளரிடம் திரும்பிப் போயின. மாலின் ஒரு முனையில் ஒரு லட்சம் சதுர அடி காலியாகக் கிடந்தால் அந்தப் பக்கமே ஆள் நடமாட்டம் போய்விடும். சில இடங்கள் வருடக்கணக்கில் அப்படியே கிடந்தன.

வரிசையில் நின்றவர்கள்

சப்ளையர்கள்தான் நீண்ட வரிசை. கிறிஸ்துமஸுக்குச் சரக்கு அனுப்பிவிட்டுப் பில்லோடு காத்திருந்தவர்கள். இவர்களுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

நில உரிமையாளர்களில் சிலரிடம் மட்டும் ஒரு காகிதம் இருந்தது. குத்தகை போடும்போதே, கனடா நிறுவனம் கொடுக்காவிட்டால் அமெரிக்கத் தாய் நிறுவனம் கொடுக்கும் என்று உத்தரவாதம் எழுதி வாங்கியிருந்தார்கள். 2015 நவம்பரில் டார்கெட் கொண்டுவந்த கடன் தீர்க்கும் திட்டம் இந்த உத்தரவாதங்களையும் சேர்த்துத் தீர்த்துவிடப் பார்த்தது. முதல் உத்தரவிலேயே இந்த உத்தரவாதங்களைத் தொட மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு இப்போது மாற முடியாது என்று நீதிபதி மொராவெட்ஸ் 2016 ஜனவரியில் சொல்லிவிட்டார். திட்டத்தைக் கடன் கொடுத்தவர்களின் ஓட்டெடுப்புக்கே அனுமதிக்கவில்லை. டார்கெட் திரும்பிப் போய் நில உரிமையாளர்களோடு பேசி, கூடுதலாகக் கொடுக்க ஒப்புக்கொண்டுதான் வந்தது.

இன்னொரு பெரிய கடன் கொடுத்தவர் வேறு யாரும் இல்லை, தாய் நிறுவனமேதான். தான் கனடாவுக்குக் கொடுத்த கடனையும் வரிசையில் நிறுத்தியிருந்தால், மிஞ்சிய பணத்தில் பெரும்பங்கு தாய் நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் மினியாபோலிசுக்கே திரும்பிப் போயிருக்கும். அதன் பெரும்பகுதியைக் கடைசிக்குத் தள்ள தாய் நிறுவனம் ஒப்புக்கொண்டதால்தான் மற்றவர்களுக்கு ஏதாவது கிடைத்தது. 2016 ஜூனில் திட்டம் இறுதியானது. 25,000 டாலர் வரை பாக்கி இருந்த சிறு சப்ளையர்களுக்கு முழுத் தொகை. மற்றவர்களுக்கு டாலருக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை. திவால் வழக்குகளில் காலணா, அரையணா கிடைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய தொகை. ஒன்றரை வருடம் வட்டிக்குக் கடன் வாங்கிச் சமாளித்த சிறு உற்பத்தியாளரிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்.

இதே மாதிரி, ஆனால் வேறு மாதிரி

படிக்கிறவர்களுக்குச் சுபிக்‌ஷா ஞாபகம் வந்திருக்கும். 1997இல் சென்னை திருவான்மியூரில் ஒரு கடையாகத் தொடங்கி, 2008 முடிவதற்குள் நாடு முழுக்க சுமார் 1,600 கடைகள். உலகமே பணத்துக்கு முடைப்பட்ட அந்தக் குளிர்காலத்தில் கையிருப்பு வற்றியது. 2009 தொடக்கத்தில் அலமாரியில் சரக்கு இல்லை, ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை. காவலாளிகளுக்கும் பணம் போகாததால் அவர்களும் கிளம்பிவிட, பூட்டிய கடைகளில் திருட்டு நடந்தது. சுபிக்‌ஷா கடைகளை மூடினார்கள் என்று சொல்ல முடியாது, அவை மூடிப்போயின. கடைசிச் சம்பளத்துக்கும் காவலுக்கும் பணம் ஒதுக்கி வைக்க ஆறு மாதம் முன்னால் யாராவது முடிவெடுத்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதம் முன்பு அவர்கள் புதுக் கடை திறந்துகொண்டிருந்தார்கள்.

கனடாவிலேயே இன்னும் நெருக்கமான ஒப்பீடு இருக்கிறது. டார்கெட்டுக்கு ஜெல்லர்ஸ் குத்தகைகளை விற்று 182.5 கோடி டாலர் வாங்கிய ஹட்சன்ஸ் பே கம்பெனி, 1670இல் தொடங்கிய நிறுவனம். 2025 மார்ச் 7 அன்று அதுவும் அதே சி.சி.ஏ.ஏ. சட்டத்தின் கீழ், அதே டொராண்டோ நீதிமன்றத்துக்கு வந்தது. கண்காணிப்பாளரும் அதே அல்வாரெஸ் அண்ட் மார்சல். ஆறு கடைகளையாவது காப்பாற்றலாம் என்று முதலில் ஒதுக்கி வைத்தார்கள், அதுவும் முடியவில்லை. ஜூன் 1 அன்று எல்லாக் கடைகளும் மூடப்பட்டன. 8,000க்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள்.

இந்த முறை எல்லையைத் தாண்டி ஒரு பணக்காரத் தாய் நிறுவனம் இல்லை. தனி நிதியும் இல்லை, 16 வாரமும் இல்லை. முப்பது, நாற்பது வருடம் வேலை பார்த்தவர்களுக்கும் பணிநீக்க இழப்பீடு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நிறுவனம் முறிந்தால் ஊழியருக்கு ஓரளவு வரை கொடுக்கும் மத்திய அரசின் ஊதியப் பாதுகாப்புத் திட்டத்துக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டு அவர்கள் காத்திருந்தபோது, கீழே விற்பனைத் தளத்தில் தள்ளுபடிச் சதவீதம் வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டிருந்தது.